அளப்பவன் கேட்ட கேள்வி

முன்னொரு காலத்தில் கரிசல்பட்டணத்தை மாறவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் காலையில் சிரித்தால் மத்தியானம் சீறுவான். அவனோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியே மந்திரி விருத்தாசலம் அலுத்துப்போயிருந்தார். சபையில் உட்கார்ந்தாலே அவருக்குக் கொட்டாவி வந்தது.

அன்றைக்கு வெயிலுகந்தாள் என்ற உழவுக்காரி சபைக்கு வந்து அழுதாள்.

"மகாராசா, ஆடியில அரமனைக் களஞ்சியத்துல பத்து மரக்கால் விதைநெல் கடன் வாங்கினேன். ஒண்ணுக்கு ஒண்ணரையாத் திருப்பணும். வீட்டுல பதினஞ்சு அளந்து கொண்டு போனேன். களஞ்சியத்துல அது பன்னெண்டாயிட்டுது. மூணு குறையுதுன்னு என் உழவுமாட்டைப் பிடிச்சிட்டாங்க. மாடு இல்லாம எதை வச்சு உழுவேன்?"

"வழியில் எலி தின்றிருக்கும்!" என்றான் களஞ்சியத் தலைவன் அழகர்நம்பி. மந்திரி பதவிமேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

சபை சிரித்தது. மந்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. இதே அழுகையை இந்த வருஷம் ஏழாவது தடவையாகக் கேட்கிறார்.

"அரசே, களஞ்சியத்தில் நெல் அளப்பவனைக் கூப்பிடுங்கள். அவன் வந்தபின் யாரும் ஜாடைகூடக் காட்டக்கூடாது."

"குற்றம் இல்லையென்றால் உம் மந்திரித் தலைப்பாகை அழகர்நம்பிக்கு!" என்று சீறினான் ராஜா.

'தாராளமாக. நானாவது நிம்மதியாகத் தூங்குவேன்' என்று நினைத்துக்கொண்டே மந்திரி தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார்.

சபை நடுவே நெல்லைக் கொட்டினார்கள். பக்கத்தில் ஒரு மரக்கால், அதன் விளிம்போடு நெல்லை வழித்துவிட ஒரு வழிகோல். அளப்பவன் மாடக்கண்ணு ஒன்றும் தெரியாமல் வந்து கும்பிட்டான்.

"அள" என்றார் மந்திரி.

மரக்கால் நிறைந்தது. அவன் கை வழிகோலுக்குப் போனது, நின்றது. நெல்லுக்குப் போனது, மறுபடி நின்றது. அழகர்நம்பிக்கு வேர்த்துக் கொட்டியது.

"மகாராசா, இது கொடுக்கிற நெல்லா, வாங்குற நெல்லா?"

"நெல் நெல்தானே? அதில் என்ன பேதம்?" என்றான் ராஜா.

"கொடுக்கிறதுன்னா கோலால தலை வழிக்கணும். வாங்குறதுன்னா கூம்பாக் குவிக்கணும். தலைவர் பழக்கினது அப்படி. எதுன்னு சொன்னா கை தானா செஞ்சிரும்."

ராஜாவின் முகம் சிவந்தது.

"அழகர்நம்பி! கூடுதலாகக் குவித்து வாங்கியதையெல்லாம் ஊர் ஊராய் நீயே சுமந்துபோய்த் திருப்பிக் கொடு. இனி வாங்கும்போதும் தலை வழித்தே அளக்க வேண்டும். இவள் மாட்டை அவிழ்த்து விடுங்கள்!"

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்றாவது பகலில் கொஞ்சம் படுக்கலாம் என்று அவர் வெளியே வந்தார். வாசலில் வெயிலுகந்தாள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருப்பீங்க சாமி. ஒரு சந்தேகம். தலை வழிச்சு அளந்தாலும், ஆடியில வாங்கின பத்துக்குத் தையில பதினஞ்சுதானே?"

"பதினைந்துதான்."

"மழை பொய்ச்சாலும்?"

மந்திரிக்கு உடம்பெல்லாம் வலித்தது. மெல்லத் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டு, மறுபடி சபைக்குள் நடந்தார்.