ரிஸ்வானாவின் தலையணை

ஒரு விடுகதை. சொல்லுங்கள் பார்க்கலாம். சூடுபட்ட குழந்தையின் தாடையை, புண் மூடிய பிறகும், சத்தமில்லாமல் மார்புப் பக்கம் இழுப்பது எது? தீ இல்லை. சீழும் இல்லை.

தணிகாசலத்துக்கு விடை தெரியும். ஆறுகிற தோல். ஆறும்போது அது சுருங்கும், சுருங்கும்போது இழுக்கும். தெரிந்துதான் தலையணை வைத்தார்.

வயதானவர்களின் முழங்காலுக்குப் பன்னிரண்டு வருடம் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் அவர். வலிக்கிற இடத்துக்குக் கீழே எதையாவது மெத்தென்று வைப்பது கைப்பழக்கம். குழந்தைகளின் தீக்காய வார்டுக்கு வந்து எட்டு நாள்தான். அங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்த பெனடிக்டா அவரைவிடப் பத்து வயது சின்னவர்.

ரிஸ்வானாவுக்கு வயது ஒன்பது. கொதிக்கும் கஞ்சி கழுத்திலும் மார்பிலும் கொட்டியிருந்தது. கழுத்துத் தோல் சுருங்காமல் இருக்க அவள் தலையணை இல்லாமல், தோளுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துப் படுக்க வேண்டும். தினமும் ஐந்து தடவை தலையைப் பின்னால் சாய்த்து, நூறு எண்ணும்வரை அப்படியே இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை பெனடிக்டா அவள் தாடைக்கும் மார்புக்கும் நடுவே விரல்களை வைத்துப் பார்த்தார். சனிக்கிழமை நான்கு விரல் நுழைந்தது. இன்று மூன்று.

“யாரும்மா தலையணை கொடுத்தது?”

“முறுக்கு மாமா.” கையையும் காலையும் முறுக்குகிறவர் என்பதால் தணிகாசலத்துக்கு அவள் வைத்த பெயர் அது. “அவரத் திட்டாதீங்க. நான்தான் அழுதேன்.”

தணிகாசலம் தலைகுனிந்து நின்றார்.

“சனி, ஞாயிறு ரெண்டு நாளும் மத்தியானம் முழுக்க அழுதா, மேடம். வலியில கிடக்கிற பிள்ளைக்கு மேல மேல வலி கொடுக்கிறது எப்படி வைத்தியமாகும்?”

பெனடிக்டா தலையணையை எடுத்து ரிஸ்வானாவின் மடியில் வைத்தார்.

“இது உன்னோடது. வச்சுக்கிட்டா வலி குறையும். ஆனா தினம் வச்சுக்கிட்டா தாடை கீழ இறங்கிடும். நிமிர்ந்து பாக்க முடியாது. அப்புறம் மறுபடி ஆபரேஷன். வைக்கலைன்னா இன்னைக்கு வலிக்கும். நாளைக்கும் வலிக்கும்.”

“எத்தனை நாளைக்கு?”

“ஒரு வருஷம் ஆகலாம்.”

“பொய்யாவது சொல்லலாம்ல?” என்றாள் ரிஸ்வானா.

கட்டிலருகே நின்ற அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை. பெனடிக்டாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“தப்பு என்னோடது, மேடம். அதுக்கு வேணுமா வேண்டாமான்னு இந்தப் பிள்ளைகிட்டப் போய் கேக்கணுமா? தலையணையை நாமளே எடுத்துட்டுப் போயிட்டா ஆச்சு.”

“வியாழக்கிழமை வீட்டுக்குப் போறா, சார். அங்க தலையணை இருக்கும். நாம இருக்க மாட்டோம்.”



ரிஸ்வானா தலையணையை அம்மாவின் பக்கம் தள்ளினாள். துண்டின் மேல் மல்லாந்து படுத்து, அழத் தொடங்கினாள்.