துண்டுக்குள் பிடிபடாத விலை

“யாரோ ஒருத்தன் என் வண்டியைக் கெடுத்துட்டான் பாய். எவன்னு மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

சவடமுத்து வண்டியை விட்டு இறங்காமலே கத்தினான். இறங்க முடியாது. இறங்கினால் வண்டி ஆஃப் ஆகிவிடும்.

சந்தை ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, வண்டிகளுக்குக் கரண்ட் வேலை பார்ப்பவன் சாதிக். வண்டி கெட்டால் ஊர்க்காரர்கள் மெக்கானிக்கிடம் போவார்கள். மெக்கானிக் கைவிரித்தால் சாதிக்கிடம் வருவார்கள். சவடமுத்துவைவிட வயதில் சின்னவன். பேச்சில் சிக்கனக்காரன்.

அவன் கையிலிருந்த டீயை நிதானமாகக் குடித்து முடித்தான்.

“என்னண்ணே பண்ணுது?”

“காலை எடுத்தாச் செத்துப்போகுது.”

“எடுங்க பார்ப்போம்.”

“எடுத்தாச் செத்துப்போகுதுங்கறேன். எடுக்கச் சொல்ற.”

“சாகட்டும். நான் பார்க்கணும்ல.”

சவடமுத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். குட்டியானை என்று ஊரே கூப்பிடும் அந்தச் சின்ன லாரி, மழையில் நனைந்த ஆடு மாதிரி உடம்பைச் சிலுப்பியது. இருமியது. நின்றுவிட்டது.

“எப்பலேருந்து?”

“பேட்டரி மாத்துனதுலேருந்து. பழசு வயிறு ஊதிக் கிடந்துச்சு, புதுசு போட்டேன். அந்தக் கடைக்காரன்மேலதான் எனக்குச் சந்தேகம். அவன் முழியே சரியில்லை.”

“வேற யார்மேல?”

“டயருக்குக் காத்துப் பிடிக்கறவன். என் மச்சான். அப்புறம் துவரங்குறிச்சி ஆட்டு யாவாரி ஒருத்தன், என்னைக் கண்டாலே வயிறெரியறவன்.”

“வேற?”

சவடமுத்து யோசித்தான்.

“இப்போதைக்கு இவ்வளவுதான்.”

சாதிக் தலையை ஆட்டிக்கொண்டான். பக்கத்துச் சீட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தான். பேட்டரி முனைகளை அசைத்துப் பார்த்தான். எல்லாம் கெட்டியாக இருந்தன.

“யார் யார்கிட்ட காட்டுனீங்க?”

“ஒருத்தன் பிளக்கைக் கழட்டித் தொடச்சான். ஒருத்தன் ஃபில்டரை மாத்துனான். ஒருத்தன் எலுமிச்சம்பழத்தை நாலு சக்கரத்துக்கும் வச்சு ஏத்தச் சொன்னான். அதையும் ஏத்துனேன்.”

“பழம் என்ன ஆச்சு?”

“நசுங்குச்சு. வண்டி அப்படியேதான் இருக்கு. சிரிக்காத பாய். என் பொழப்பே போச்சு.”

பொய் சொல்லவில்லை. அவன் பொழப்பே அந்தக் காலில்தான் இருந்தது.

பட்டி பட்டியாகப் போய் ஆடு பிடிக்கிற யாவாரி அவன். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். அடிபட்டு, உதைபட்டு, ஏமாந்து, அந்த ஏமாற்றத்திலேயே யாவாரம் படித்தவன். பட்டிக்குப் போனால் வண்டியை அணைக்க மாட்டான். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு விலை கேட்பான். ஆட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் ஒரு மிதி. வண்டி உறுமும். “விலை கட்டலைன்னா விடு, நான் கிளம்பறேன்” என்பான். இன்னொரு மிதி. வண்டி நகரும். ஆட்டுக்காரருக்குப் பதறிப்போகும். “நில்லுங்க யாவாரி” என்று கத்துவார்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தனை உறுமலும். நில்லுங்க என்று சொல்லிவிட்டால் விலை படிந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது அந்த வித்தை பலிக்கவில்லை. கியர் மாற்றக் காலை எடுத்தால் வண்டி படுத்துவிடுகிறது. கிளம்பறேன் என்று வீராப்பாகச் சொன்னவன், அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். ஆட்டுக்காரர்கள் விவரமாகிவிட்டார்கள். அவன் உறுமினால் பதறுவதில்லை. கைகட்டிக்கொண்டு வண்டி நிற்கக் காத்திருக்கிறார்கள்.

“போன வாரம் பூவாயி பட்டியில மானமே போச்சு பாய். என்ன ஆடுங்கற. ஒவ்வொண்ணும் குதிரைக்குட்டி மாதிரி. வருசக்கணக்கா அந்தப் பட்டிமேல எனக்குக் கண்ணு. விலை கேட்டேன். அந்தம்மா வாயே திறக்கலை. விட்டேன் ஒரு ரேஸ். ஆடெல்லாம் துள்ளிக்கிட்டு ஓடுச்சு. ‘நில்லுங்க யாவாரி’ன்னு கத்திச்சு அந்தம்மா. ஆகா, விழுந்துருச்சுடான்னு காலை எடுத்தேன்.”

“வண்டி ஆஃப் ஆயிடுச்சு.”

“ஆயிடுச்சு. மேய்க்கறவங்க அத்தனை பேரும் படபடன்னு சிரிச்ச சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. திரும்பிக்கூடப் பார்க்கலை. சரிவுல தள்ளி, ஓட விட்டு ஏறி வந்துட்டேன்.”

“அப்புறம்?”

“நேத்து பஸ் கண்டக்டர்கிட்ட அந்தம்மா சொல்லி அனுப்பியிருக்கு. ‘யாவாரியை நாளைக்கு மதியத்துக்குள்ள வரச் சொல்லுங்க, பேசணும்’னு. ஆடு குடுக்கத்தான் கூப்பிடுது. இந்த வண்டியை வச்சுக்கிட்டு நான் எப்படிப் பேரம் பேசறது? அதான் கேக்கறேன். கெடுத்தவன் எவன்?”

சாதிக் கையைத் துணியில் துடைத்தான்.

“யாரும் கெடுக்கலைண்ணே. வண்டி மறந்துபோச்சு.”

“வண்டிக்கு என்ன மறதி?”

“உள்ள ஒரு சின்னப் பெட்டி இருக்கு. சும்மா நிக்கும்போது எவ்வளவு மூச்சு விட்டா ஓடிக்கிட்டே இருக்கலாம்னு, அது தானாப் பழகி வச்சிருந்துச்சு. பேட்டரியைக் கழட்டுனதும் அந்தப் பழக்கம் போயிருச்சு. திரும்பப் பழகணும்.”

“சரி. பழக்கு.”

“நான் பழக்க முடியாது. அதுதான் பழகணும். நீங்க காலை எடுத்துட்டுச் சும்மா இருந்தாப் போதும்.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

சவடமுத்து சிரித்தான். சும்மா இருப்பதற்கு ஒரு வைத்தியனா என்பதுபோல் சாவியைத் திருப்பினான். வண்டி எழுந்தது. காலை எடுத்தான். வண்டி சுதி இறங்கியது, இருமியது.

கால் மிதித்துவிட்டது.

“மிதிக்காதீங்க.”

“மிதிக்கலையே.”

வண்டி உறுமிக்கொண்டிருந்தது. சாதிக் அவன் காலைப் பார்த்தான். சவடமுத்துவும் குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தான்.

“செருப்பைக் கழட்டிட்டு உக்காருங்க.”

கழற்றினான். வெறுங்காலும் மிதித்தது.

“காலை மடக்கிச் சம்மணம் போடுங்க.”

போட்டான். வண்டி இருமியதும் சம்மணம் தானாகப் பிரிந்தது.

“சாகப்போவுது பாய். பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?”

“ஆமா.”

“நீ எந்தக் கழுதைகிட்டடா வேலை கத்துக்கிட்ட?”

“கத்துக்கிட்டேண்ணே. நீங்க இறங்குங்க.”

இறங்கினான். இறங்கியும் பயனில்லை. வண்டி முனகியபோது கதவைத் திறந்து குனிந்து ஆக்சிலேட்டரைக் கையால் அமுக்கினான்.

 சாதிக் சவடமுத்துவின் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தான்.

“சரி. முதல்ல என் கூலியைப் பேசிடுவோம். துண்டைப் போடுங்க.”

சவடமுத்துவின் முகம் மலர்ந்தது. இது அவன் ராஜ்ஜியம்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கையோடு கை கோத்து, மேலே துண்டைப் போட்டு, விரலைப் பிடித்துச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. பேரம் படிகிறவரை கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் முறிந்தது என்று அர்த்தம். சந்தையில் கையை முதலில் எடுத்தவன் என்ற பேர் சவடமுத்துவுக்கு இதுவரை கிடையாது.

“உனக்குத் துண்டு பாஷை தெரியுமா பாய்?”

“எங்க அத்தா இந்தச் சந்தையில தரகர்ண்ணே.”

சாதிக் இடது கையை ஜன்னலுக்குள் விட்டுச் சாவியைத் திருப்பினான். வலது கையை நீட்டினான். துண்டு விழுந்தது.

துண்டுக்கடியில் சாதிக்கின் கை சவடமுத்துவின் கையைப் பிடித்தது. ஒரு விரலை அல்ல. இரண்டு விரலை அல்ல. மொத்தக் கையையும், கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் தளர்வாக.

சவடமுத்து திகைத்தான். இது என்ன விலை?

வண்டி இருமியது. அவன் கால் தரையை மிதித்தது. தரை உறுமவில்லை.

கையை உருவப் பார்த்தான். அய்யோ, பேரம் முறிந்துவிடும். உருவவில்லை.

வண்டி நின்றது. சாதிக் இடது கையால் மறுபடி கிளப்பினான். வலது கை அசையவில்லை.

சவடமுத்து தன் பங்குக்கு ஒரு விரலைப் பிடித்துப் பார்த்தான். சாதிக் இல்லை என்று தலையசைத்தான். விரலை மடக்கிப் பிடித்தான். அதற்கும் இல்லை. அழுத்தினான், கிள்ளினான். எதற்கும் பதில் வரவில்லை. அதே தளர்ந்த பிடி.

வண்டி மறுபடி நின்றது. மறுபடி கிளம்பியது.

அதை அவன் கவனிக்கவில்லை. நெற்றி வியர்த்தது. எத்தனை சந்தை பார்த்தவன். எத்தனை தரகன் கையைப் பிடித்தவன். இந்த ஒரு பிடி பிடிபடவில்லையே. கண்ணை மூடிக்கொண்டான். விரல் நுனியெல்லாம் காதாகிவிட்டது போலிருந்தது. அந்தக் கை என்ன சொல்கிறது? என்ன சொல்கிறது?

கொட்டகை மேல் அணில் ஓடியது. எங்கோ டீக்கடையில் ஆற்றும் சத்தம்.

கடைசியில் அவன் வாய்விட்டே கேட்டான்.

“தோத்துட்டேன் பாய். என்ன விலை இது? எங்க அப்பன் காலத்துலகூட இப்படி ஒரு பிடி கேள்விப்பட்டதில்லை.”

“நான் விலையே சொல்லலைண்ணே.”

“பின்ன இத்தனை நேரம் என்ன பண்ணிக்கிட்டிருந்த?”

“கேட்டுக்கிட்டிருந்தேன்.”

“எதை?”

சாதிக் மோவாயால் காட்டினான்.

சவடமுத்து திரும்பினான். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஆளில்லை. ஆக்சிலேட்டரில் காலில்லை. சோறுண்ட பூனை மாதிரி ஒரே சீராக, சொகுசாகக் குறுகுறுத்துக்கொண்டிருந்தது. முன்னால் ஃபேன் சுழன்றது, ஓய்ந்தது, மறுபடி சுழன்றது. வண்டி அசரவில்லை.

“எப்ப நிமிந்துச்சு?”

“நீங்க கண்ணை மூடுனப்ப.”

சவடமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே யாவாரி முழித்துக்கொண்டான்.

“சரி பாய், கூலியைச் சொல்லு. ஒண்ணும் மாத்தலை, ஒண்ணும் கழட்டலை. அதையும் மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லு.”

“பூவாயம்மா பட்டிக்குத்தானே போறீங்க? அங்க வண்டியை ஓட விட்டுட்டு, காலை மிதிக்காம உக்காந்திருங்க. அந்தம்மா பேசி முடிக்கறவரைக்கும்.”

“அதான் கூலியா?”

“அதான்.”

“ரொம்ப ஜாஸ்தி பாய். கொஞ்சம் குறைச்சுக்க. நடுவுல ஒரே ஒரு மிதி.”

“கட்டாதுண்ணே.”

“சின்ன மிதி. ஆட்டுக்குட்டிக்குக்கூடக் கேக்காது.”

சாதிக் காலி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தான். சவடமுத்துவின் வாய் தன்னையறியாமல் திறந்தது.

“நில்லு பாய். சரி. அந்த விலைக்கே.”

உச்சி வெயிலுக்கு முன்பே பட்டிக்குப் போய்ச் சேர்ந்தான்.

பூவாயி வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். அவன் வயதுதான் இருக்கும். வண்டியைக் கண்டதும் எழுந்து, காதைப் பொத்தத் தயாராகக் கையைத் தூக்கினாள்.

உறுமல் வரவில்லை. கையை இறக்கினாள்.

சவடமுத்து காலை மடக்கிச் சம்மணம் போட்டான். பெருவிரல் துடித்தது. அதைக் கையால் பிடித்துக்கொண்டான். விலை கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. காலால் மிதிக்காமல் அவனுக்குப் பேசத் தெரியவில்லை.

வண்டி தன்பாட்டுக்குக் குறுகுறுத்தது.

“வண்டி சரியாயிருச்சா யாவாரி?”

“ஆயிருச்சு.”

“நீங்க ஏன் பேசாம இருக்கீங்க?”

“கூலி குடுத்துக்கிட்டிருக்கேன். நீ சொல்லும்மா.”

பூவாயி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். உட்கார்ந்தாள். கயிற்றை மடியில் வைத்தாள். அவளும் அவசரப்படவில்லை.

அந்த இடைவெளியில் ஆடுகள் கத்துவது கேட்டது. பட்டிக்குள்ளிருந்து இல்லை. பட்டிக்கு அந்தப் பக்கம், கத்தரித் தோட்டத்திலிருந்து. கூடவே ஒரு ஆள் ஆட்டையும் ஆட்டுக்காரியையும் சேர்த்துத் திட்டுவதும் கேட்டது.

சவடமுத்து பட்டியைப் பார்த்தான். வேலியாகக் கட்டிய மூங்கில் படல் ஒரு பக்கம் முழுக்க முறிந்து, தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

“போன வாரம் யாரோ ஒருத்தர் வந்தாரு” என்றாள் பூவாயி. “வந்து, ஒரு உறுமு உறுமினாரு. ஆடு மிரண்டு படல்மேல பாஞ்சிருச்சு. படபடன்னு மூங்கி முறியுது. நில்லுங்க, நில்லுங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன். வண்டியைத் தள்ளிக்கிட்டே ஓடிட்டாரு.”

சவடமுத்துவின் கை பெருவிரலை விட்டது. விரல் துடிக்கவில்லை.

“அன்னையிலேருந்து ஆடு ஒரு ராத்திரிகூடப் பட்டியில தங்கலை. தோட்டக்காரன்கிட்ட பேச்சு வாங்கி என் காது புளிச்சுப்போச்சு. ஆடு விக்கறதா வேண்டாமாங்கறதெல்லாம் அப்புறம்.”

அவள் திரித்த கயிற்றை எடுத்து, ஜன்னல் வழியே அவன் மடியில் போட்டாள்.

“அந்த யாரோ ஒருத்தரை முதல்ல கீழ இறங்கச் சொல்லுங்க யாவாரி. இறங்கி, இந்தப் படலை நிமித்திக் கட்டச் சொல்லுங்க. இன்னைக்கே.”