எது கொம்பு, எது தரை

அந்தக் காலத்தில், ஆடும் குதிரையும் வாய்விட்டுப் பேசிய காலத்தில், கராகோஸ் என்ற கறுப்புச் செம்மறிக்கு ஓர் அநியாயம் நடந்தது. மற்ற ஆடுகளின் வெள்ளை ரோமம் கூடாரத்துக்குள் விரிப்பாகப் போனது. அவளுடைய கறுப்பு ரோமம் மட்டும் வருஷம் தவறாமல் வாசலில் மிதியடியாகக் கிடந்து, வருகிறவர் போகிறவர் சேற்றையெல்லாம் வாங்கிக்கொண்டது. எல்லாருக்கும் ஒரே புல், ஒரே ஓடை, ஒரே கத்தரி. கறுப்பு ரோமம் என்றால் குளிர் கொஞ்சம் குறைவாகவா காக்கிறது? கேட்டால், "காலங்காலமாக இப்படித்தான்" என்றார்கள். காலங்காலமாக நடந்துவிட்டால் அநியாயம் நியாயமாகிவிடுமா என்ன?

கராகோஸ் பிறந்தது அந்தக் குடும்பத்தில் இல்லை. அந்த வீட்டு மருமகள் உம்சுனாய் கல்யாணமாகிக் கணவாய் தாண்டி வந்தபோது, தாய்வீட்டிலிருந்து அவள் கூடவே நடந்து வந்தவள். புகுந்த வீட்டில் உம்சுனாய்க்குத் தன்னுடையது என்று இருந்த உயிர் அது ஒன்றுதான்.

கிர்கிஸ் மலைக்காரர்கள் கோடை வந்தால் மந்தையோடு உச்சிப் புல்வெளிக்கு ஏறிவிடுவார்கள். அதை ஜைலோ என்பார்கள். பகலெல்லாம் குதிரைப்பால் கறப்பதும் கடைவதுமாக ஓடும். சாயங்காலம் எல்லாக் கூடாரத்திலிருந்தும் புகை எழும்பும்போது உம்சுனாய் போய்க் கராகோஸின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

"நம்ம ஓடை ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா? உங்கம்மா தயிர்ச் சட்டியை அதிலேதான் இறக்கி வைப்பா. ஒரு தரம் நான் தட்டிவிட்டேன். தயிர் போச்சு, சட்டியும் போச்சு."

"அடி கொடுத்தது நாந்தானே!"

"நீ அழுதுக்கிட்டே அடிச்சே. வலிக்கவே இல்லை."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். கராகோஸின் ரோமத்தில் கணவாய்க்கு அந்தப் பக்கத்து அர்ச்சா மரத்தின் வாசனை இன்னும் இருந்தது. உண்மையில் இருந்ததோ இல்லையோ, உம்சுனாய்க்கு இருந்தது.

கோடை முடியும் தறுவாயில் ரோமம் கத்தரித்தார்கள். பெண்கள் அதைக் கோலால் அடித்து, நாணல் பாயில் பரப்பி, வெந்நீர் ஊற்றிச் சுருட்டி, காலால் உதைத்து உருட்டினார்கள். ரோமம் இறுகித் துணியாயிற்று. அதுதான் கீயிஸ். வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று அதே அளவில். வெயிலில் காயப்போட்டபோது, உம்சுனாயின் மாமியார் புர்மாகான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"வெள்ளை, தோருக்கு. கறுப்பை ரெண்டா மடிச்சு வாசல்ல போடு."

தோர் என்பது வாசலுக்கு நேர் எதிரே, கூடாரத்தின் ஆழத்தில், மதிப்பான விருந்தாளி உட்காரும் இடம்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ, கெலின்" என்றாள். கெலின் என்றால் மருமகள். "என் மகளைக் கேட்டுச் சம்பந்தி வீட்டார் வர்றாங்க. விருந்துக்கு உன் கறுப்பாட்டை அறுக்கப்போறோம். ரோமம் மிதியடிக்குத்தானே ஆகுது, வச்சுக்கிட்டு என்ன பண்ண?"

"எனே!" மாமியாரை அம்மா என்றுதான் அழைக்க வேண்டும். "அவளை வாசல்ல போட்டது நாம. இப்போ வாசல்ல கிடக்கிறான்னு அவ மேலேயே குத்தமா? இது என்ன நியாயம்?"

"இதோ பாரு, மருமக வாய் திறந்தா பால் திரிஞ்சு போகும்."

"திரியட்டுமே எனே, பாலாடைக்கட்டி ஆகும்."

புர்மாகானுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினாள். "வெள்ளையிலே நல்லதா ஏதாவது பூவேலை செஞ்சு வை. மத்தது என் பாடு."

உம்சுனாய் போய்ச் சொன்னபோது கராகோஸ் மெல்வதை நிறுத்தினாள்.

"விருந்துன்னா தலையை மூத்தவங்களுக்குத்தானே வைப்பாங்க? அப்போ என் தலைக்குத் தோர்ல இடம் உண்டு. ரோமத்துக்குத்தான் இல்லை."

வெள்ளைக் கடா அக்கோச்கோர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சுருண்டு சுருண்டு போன கொம்பு அவனுக்கு. அதைவிடச் சுருண்ட கர்வம். "பூவேலைக்கு என் கொம்பையே வரைஞ்சுக்கோ பொண்ணே. பார்க்க அதுதான் லட்சணம்."

"வரையறேன்" என்றாள் உம்சுனாய். அவள் குரலில் என்ன இருந்தது என்பதைக் கடா கவனிக்கவில்லை.

வெள்ளைக் கீயிஸை விரித்துக் கரியால் கொம்பு கொம்பாக வரைந்தாள். ஒரு கொம்புக்கும் அடுத்த கொம்புக்கும் நடுவே விட்ட இடமும் ஒரு கொம்பாகவே வளையும்படி வரைந்தாள். பிறகு கறுப்பை எடுத்து வந்து வெள்ளைக்கு அடியில் ஓரம் ஒட்ட விரித்தாள். கத்தியை இரண்டிலும் ஒருசேர இறக்கினாள்.

"அடிப்பாவி!" பால் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் புர்மாகான். "தோர் விரிப்பை வெட்டிட்டியேடி! வர்றவங்களை எதிலே உட்கார வைப்பேன்?"

வெட்டியாயிற்று. வெட்டியதை ஒட்டவைக்க எந்த மாமியாராலும் முடியாது. உம்சுனாயின் கை வேலையிலேயே இருந்தது. வெள்ளையில் விழுந்த ஓட்டைக்குள் கறுப்புக் கொம்பை வைத்தாள். இம்மியும் பிசகாமல் பொருந்தியது. கறுப்பில் விழுந்த ஓட்டைக்குள் வெள்ளைக் கொம்பை வைத்தாள். தையல் தெரியாமல் இருக்க ஓரமெல்லாம் கயிறு முறுக்கித் தைத்தாள். ஒரு விரிப்பு இருந்த இடத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு கிடந்தன. துணுக்கு அளவு கூட வீணாகவில்லை. போட வேறு விரிப்பு இல்லாததால் புர்மாகான் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் தோரில் விரித்தாள்.

சம்பந்தி வீட்டார் வந்தார்கள். அவர்களில் மூத்தவள் சைகால், குதிரை ஏறி ஏறிக் கால் வளைந்தவள். தோரில் உட்கார்ந்தவள் கீழே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அறுக்கப்போகும் ஆட்டை முதலில் விருந்தாளி முன் கொண்டுவந்து நிறுத்துவார்கள். விருந்தாளி உள்ளங்கைகளை ஏந்தி வாழ்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கத்தி. கராகோஸைக் கயிற்றோடு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். உம்சுனாய் கும்மீஸ் என்ற புளித்த குதிரைப்பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள்; கிண்ணம் வழிந்தது.

சைகால் கையை ஏந்தவில்லை. "முதல்ல ஒரு சந்தேகம் தீரட்டும். இதிலே எது கொம்பு, எது தரை?"

"வெள்ளைதான் கொம்பு, கறுப்பு வெறும் தரை" என்றாள் புர்மாகான் அவசரமாக.

"கண்ணைத் துடைச்சுக்கோ. கறுப்புதான் கொம்பு" என்றாள் சைகாலின் தங்கை.

"அது அந்த விரிப்பிலே!"

"இந்த விரிப்பிலேயும்தான்!"

கும்மீஸ் இரண்டு சுற்று போயும் சண்டை ஓயவில்லை. அக்கோச்கோர் பொறுக்கமாட்டாமல் தலையைக் கூடாரத்துக்குள் நீட்டினான். "கொம்பு என்னுது. வெள்ளை என்னுது. மத்ததெல்லாம் தரை!"

சைகால் வாசலைப் பார்த்தாள். "கறுப்பு ரோமம் இவளோடதுதானே? இவளே சொல்லட்டும்."

கயிற்றில் நின்றபடியே கராகோஸ் பதில் சொன்னாள். கேட்ட சைகால் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கைகளை ஏந்தினாள். ஆனால் அறுக்கிற வாழ்த்தைச் சொல்லவில்லை. "இவ ரோமம் வருஷாவருஷம் வளரட்டும்!" என்றாள். "கயிறை அவிழ்த்துவிடு, சம்பந்தி. பொண்ணுக்குச் சீதனமா எனக்கு இதே மாதிரி வேணும். இவளை அறுத்துட்டா கறுப்புக்கு நான் எங்கே போவேன்?"

அன்று விருந்து வெறும் உலர்ந்த குதிரை இறைச்சியும் எண்ணெயில் பொரித்த பொர்சோக் என்ற மாவுப் பண்டமும்தான். ஒருவரும் குறை சொல்லவில்லை. புர்மாகான் மட்டும் இரண்டு விரிப்பையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜைலோவில் இன்னும் புகை எழும்புகிறது, ஓடை இன்னும் கல்லுக்குக் கல் தாவுகிறது. ஆடுகளின் பேச்சுதான் எங்கோ போய்விட்டது. ஆனாலும் அன்று முதல்தான் ஷிர்தாக் என்ற அந்த விரிப்பில் இரண்டு நிறத்தையும் ஒரே கத்தியால் சேர்த்து வெட்டுகிறார்கள். எது கொம்பு, எது தரை என்று யாராவது கேட்டுவிட்டால், கயிற்றில் நின்றபடி கராகோஸ் சொன்ன பதிலையே சொல்கிறார்கள்:

"ஏதாவது ஒரு நிறத்தை உருவி எடுங்க. மிஞ்சுறது கொம்பா, தரையா, ஓட்டையான்னு அப்புறம் பேசலாம்."