சாம்பலி விட்ட டூ

ஏரிக்கரைப் புங்கமரத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. எதையும் சேர்ந்து செய்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. இரை தேடுவதும் சேர்ந்தே, சண்டை போடுவதும் சேர்ந்தே. பொழுது சாய்ந்தால் எல்லாரும் ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நடு இடம் அவருக்கு. இரண்டு பக்கமும் கதகதப்பாக இருக்குமே என்ற பாசம்தான். பாசத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. யோசனைக்குத்தான் கொஞ்சம் பஞ்சம்.

கோபித்துக்கொண்ட குருவி மட்டும் தள்ளி உட்காரலாம். கோபம் ஆறும்வரை அதன் பக்கத்தில் யாரும் போகக் கூடாது. அதற்கான இரையைக் கிளைக் கவட்டையில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். இது அவர்களுடைய பழைய வழக்கம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூட்டத்துத் தலைவன் கொட்டானின் தங்கை சாம்பலிக்குச் சளி பிடித்து இருமல் வந்தது. வழக்கப்படி அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். சீக்கிரமே அவளுக்கு இடப்பக்கம் இருந்த சித்தப்பா இருமினார். அப்புறம் வலப்பக்கம் இருந்த சித்தியும் இருமினாள். மழைக்காலம் என்றால் அப்படித்தான் என்று கொட்டான் சொல்லிவிட்டான்.

சாம்பலிக்கு மனசு கேட்கவில்லை. மேல்கிளைக் கூட்டில் கொட்டானின் குஞ்சு இருந்தது. இன்னும் இறகுகூட முளைக்கவில்லை. கூட்டமே மாறி மாறி அதற்கு ஊட்டும். போன மழைக்கு இதேபோல் ஒரு குஞ்சு இருமி இருமியே செத்துப்போனது. எல்லாரும் பழியை மழையின் தலையில் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். சாம்பலியால் மறக்க முடியவில்லை. அந்தக் குஞ்சுக்குக் கடைசியாக ஊட்டியவள் அவள்தான். அன்றைக்கும் அவளுக்கு இருமல் இருந்தது.

அதனால் கிளையின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அண்ணனிடம் காரணத்தையும் விளக்கிச் சொன்னாள். கொட்டான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முடியாதவளைத் தனியாக விட்டால் காடே சிரிக்கும் என்று சொல்லி, வந்து ஒட்டிக்கொண்டான். அவன் நகர, வரிசையே நகர்ந்தது. அவள் இன்னும் தள்ளிப் போனாள். வரிசையும் தள்ளி வந்தது. கடைசியில் கிளை தீர்ந்துபோயிற்று.

சாம்பலி பறந்துபோய் எதிர்க்கிளையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, உங்க யாரோடவும் எனக்குப் பேச்சில்லை. டூ!"

"நாங்க என்னம்மா பண்ணினோம்?"

"கோபத்துக்குக் காரணம் சொல்லணும்னு வழக்கம் இருக்கா?"

அப்படி ஒரு வழக்கம் இல்லை. வழக்கப்படி கொட்டான் அவள் பின்னால் போகவில்லை.

அவன் மனைவி நெட்டைவால் மட்டும் நாத்தனாரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். கோபக்காரி மாதிரி தெரியவில்லை. கூட்டைப் பார்த்துக் கண்கலங்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், இப்போது யார் இருமுகிறார்கள் என்று நெட்டைவால் யோசித்தாள். நேரே சித்தப்பாவிடமும் சித்தியிடமும் போனாள்.

"மாமா, நீங்களும் அத்தையும் கோவிச்சுக்கிட்டு எதிர்க்கிளைக்குப் போயிடுங்க."

"எங்களுக்கு யார் மேலயும் கோபம் இல்லையே, தாயி."

"என் மேல கோவிச்சுக்குங்க. எம்புள்ள பொழைக்கணும்."

பெரியவர்கள் உடனே எதிர்க்கிளைக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் மரப்பொந்தில் தேங்கிய மழைநீரில் அலகை அலசிவிட்டுத்தான் குஞ்சுக்கு ஊட்ட வேண்டும் என்று நெட்டைவால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். 'கோபக்காரர்களுக்கு' இரை கவட்டைக்கு வந்து சேர்ந்தது. சாம்பலி எதிர்க்கிளையிலிருந்தே குஞ்சுக்குக் குரல் கொடுப்பாள்.

மழை ஓய்வதற்குள் குஞ்சுக்கு இறகு முளைத்துவிட்டது. அது ஒருமுறைகூட இருமவில்லை. முதன்முதலாகத் தட்டுத்தடுமாறிப் பறந்தபோது நேரே அத்தை சாம்பலியிடம்தான் போய் இறங்கியது. அவளுக்கும் பெரியவர்களுக்கும் இருமல் அதற்குள் அடியோடு நின்றிருந்தது.

பின்னாலேயே கொட்டான் தயங்கித் தயங்கி வந்தான்.

"கோபம் தீர்ந்துடுச்சாம்மா?"

"இருமல் தீர்ந்துடுச்சு, அண்ணே."

கொட்டானுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. போன மழைக் குஞ்சும் ஞாபகத்துக்கு வந்தது. தங்கையை ஒட்டி உட்கார்ந்தான். இந்த முறை அவள் நகரவில்லை.

இருமல் வந்தவர் வீட்டாரை விட்டுச் சில நாள் தள்ளி இருப்பதும் பாசம்தான்.