எண்பதாயிரம் பேருக்குத் தெரிந்த அருள்

இதை நான் நேரில் கேட்கவில்லை. விடுதியில் பக்கத்து அறையில் இருந்த ஞானசுந்தரி சொன்னது. அவளுக்குத் திக்கும், எனக்குத் திக்காது. எங்காவது தவறாகச் சொல்லியிருந்தால் பிழை என்னுடையது.

"இவ்வளவு சின்ன இடத்தில் பேசி என்ன ஆகப் போகிறது டீச்சர்?"

அருள் என்பவர் ஜெனோவாவின் கைபேசிக்குத் தனியாக எழுதி அனுப்பிய முதல் கேள்வி இது.

அருளுக்கு வயது நாற்பத்தெட்டு. விருதுநகரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறார். ஊரே இருக்கும் அந்தப் பெரிய இணையதளத்தில் தினமும் இரண்டு வரி வேடிக்கையாக எழுதுவார். படிக்க எண்பதாயிரம் பேர். அவர் திக்குவார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஜெனோவாவுக்கு இருபத்தேழு. தூத்துக்குடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். அவளுக்கும் திக்கும். திக்குகிறவர்களுக்கென்று 'மெல்ல' என்ற ஒரு சின்னத் தளத்தை நடத்தினாள். அங்கே எழுத முடியாது, பேச மட்டும்தான் முடியும். லைக் கிடையாது. ஒரே ஒரு விதி இருந்தது. அடுத்தவர் வாயில் நிற்கும் சொல்லை யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

உள்ளே இருந்தவர்கள் அவளை டீச்சர் என்றார்கள். தான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்பாள். அவர்கள் விடவில்லை.

அருள் மூன்று வாரமாக உள்ளே இருந்தார். ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் மறுபடி எழுதினார். பன்னிரண்டு நாளில் மகளுக்கு நிச்சயதார்த்தம். சபையில் நிச்சயப் பத்திரிகையை வாசிக்க வேண்டும். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அவருக்காகப் பேசுவது மைத்துனர்தான். இந்த முறை மகள் தமயந்தி, மாமா வேண்டாம், நீங்கள்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

பேசிப் பழகப் பெரிய கூட்டம் வேண்டும் என்றார். 'மெல்ல'வை அந்தப் பெரிய தளத்துக்கு மாற்றிவிட்டால் தன் எண்பதாயிரம் பேரையும் கூட்டி வருவதாகச் சொன்னார்.

அங்கே எப்போதாவது பேசியிருக்கிறீர்களா என்று ஜெனோவா கேட்டாள்.

ஒரே ஒரு தடவை. அங்கே நடந்த ஒரு குரல் அரட்டையில் மைக்கைத் திறந்தார். மூன்று விநாடி ஒன்றும் வரவில்லை.

"இவருக்கு சிக்னல் இல்ல போல. அடுத்தவர் பேசுங்க."

அதற்குப் பிறகு அவர் மைக்கைத் திறக்கவில்லை.

ஜெனோவா இரண்டு வரி பதில் அனுப்பினாள்.

"ஞாயிறு நாலு மணிக்கு வந்து உங்க பேரைச் சொல்லுங்க அண்ணாச்சி. அதுக்கப்புறமும் மாத்தணும்னா மாத்திடலாம்."

ஞாயிறு நாலு மணி. ஞானசுந்தரியையும் சேர்த்து இருபத்தெட்டுப் பேர் இருந்தார்கள்.

"அருள்," என்றார்.

யாரும் பேசவில்லை.

"அருள்," என்றார் மறுபடி. தண்ணீர் போல வந்தது.

வால்பாறையிலிருந்து ஒரு பெண் சிரித்தாள்.

"ஏனுங்ணா, இங்க யா... யாருக்குங்க சொந்தப் பேரு இவ்ளோ சுலபமா வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் நிஜப் பெயர் கோமதி. கல்லூரி பஸ்ஸில் மூன்று வருஷமும் உமாவாகவே போய் வந்தாளாம். இன்னொருவர் பெண் பார்க்கப் போன இடத்தில் ஆனந்த் என்று சொல்லிவிட்டு, கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது மாட்டிக்கொண்டவர். வராத பெயரை விட்டுவிட்டு வருகிற பெயரைச் சொல்லித் தப்பிப்பது அங்கே எல்லோரும் செய்ததுதான்.

சிரிப்பு அடங்கியது.

"ம்," என்றாள் ஜெனோவா.

"ப்," என்றார் அவர்.

நின்றுவிட்டது.

யாரும் ஒன்றும் சொல்லாததால் இருபத்தெட்டு வீடுகளும் கேட்கத் தொடங்கின. ஒரு வீட்டில் மின்விசிறி தட்டித் தட்டிச் சுற்றியது. ஒரு வீட்டில் மழை. ஒரு குக்கர் விசில் விட்டுவிட்டு அடுத்ததற்கு யோசித்தது. ஒரு ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. எங்கோ ஒரு குழந்தை தூக்கத்தில் முனகி அடங்கியது.

"ப்... ப்..."

கொஞ்ச நேரத்தில் எது யார் வீடு என்று தெரியவில்லை என்றாள் ஞானசுந்தரி. மழை மின்விசிறிக்குள் பெய்தது. கடல் நகர்ந்து வந்து அடுப்படிக்குப் பக்கத்தில் நின்றது. ஒரே வீட்டின் இருபத்தெட்டு அறைகளில் எல்லோரும் மதியத் தூக்கத்திலிருந்து பாதி விழித்துப் படுத்திருப்பது போல் இருந்ததாம்.

அவர் இருமினார்.

"சிக்னல் இருக்கா?" என்று கேட்டார். அது மட்டும் திக்காமல் வந்தது.

"இருக்கு," என்றாள் ஜெனோவா.

மழை விட்டிருக்க வேண்டும். அல்லது கேட்காமல் போயிருக்க வேண்டும்.

"ப்... பூபாலன்."

யாரும் கை தட்டவில்லை. குக்கர் தன் அடுத்த விசிலை விட்டது.

சற்றுப் பொறுத்து ஜெனோவா கேட்டாள்.

"எ... எண்பதாயிரம் பேரையும் கூட்டிட்டு வர்றீங்களா அண்ணாச்சி?"

யாரும் அவசரப்படுத்தவில்லை.

"இன்னொரு தரம் சொல்லிக்கட்டுமா?" என்றார்.

நிச்சயத்தன்று அவரே வாசித்தார் என்று ஞானசுந்தரி சொன்னாள். எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் மூலம் அவரிடம் அனுமதி கேட்டு அந்த வீடியோவை வாங்கிப் பார்த்தேன்.

பத்திரிகையில் மொத்தம் பதினோரு வரி. வாசித்து முடிக்க ஒன்பது நிமிடம் இருபது விநாடி. முதலிலிருந்து கடைசி வரை ஒரே குரல்தான் கேட்கிறது.