மாமாவுக்கு எப்போது வரும்?

குழிப்பாறைக்காரர்கள் சொல் தட்டாதவர்கள். அதனாலேயே சுற்றுவட்டாரத்தில் அவர்களிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்கு அது தெரியாது, பாவம்.

குழிப்பாறை வண்டிமலைக்குக் குடலிறக்க ஆபரேஷன். மூத்திரம் போகக் குழாய் போட்டு, கட்டிலோரம் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் வீடு போய்ச் சேரவேண்டுமே என்று மனுஷன் தவித்துக் கிடந்தார். துணைக்கு அக்காள் மகன்கள் மூன்று பேர்: சொரிமுத்து, மாடக்கண்ணு, பிச்சாண்டி.

"குழாய் உள்ள இருக்க இருக்கக் கிருமி ஏறும். காய்ச்சல் வந்தா வீட்டுக்கு விடமாட்டாங்க," என்றார் நர்சம்மா. "கை கழுவாம பையைத் தொடாதீங்க. பை இடுப்புக்குக் கீழயே இருக்கட்டும். மாமாவை நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

"யாரு இடுப்புக்குக் கீழல?" என்று கேட்டான் பிச்சாண்டி.

"படுத்துக் கெடக்கவருக்கு மேலேது, கீழேது? நிக்கவன் இடுப்புதாம்ல கணக்கு," என்றான் சொரிமுத்து.

மாடக்கண்ணு பனைமர உயரம். சோப்புப் போட்டுக் கை கழுவி, பையைத் தன் இடுப்புக்குக் கீழே பிடித்து நின்றான். அது மாமாவின் வயிற்றுக்கு மேலே ஆடியது. நர்சம்மா ஓடிவந்து பிடுங்கித் தாழத் தொங்கவிட்டார்.

"மாமா, தண்ணி குடியும்," என்றார்கள் மூவரும், முறை வைத்து.

"குடுங்கல, குடிக்கேன்!"

"சொல்லத்தான மாமா சொன்னாவ. குடுக்கச் சொல்லலியே."

கடைசியில் நர்சம்மாவேதான் தண்ணீர் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை காய்ச்சல் இல்லை. டாக்டர் குழாயை எடுத்துவிட்டு, "ஒண்ணுக்குப் போயிட்டா வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

மூவரும் மாமாவைச் சுற்றி நின்று பார்த்தார்கள். மத்தியானம்வரை பார்த்தார்கள். யாருக்குத்தான் வரும்?

"டாக்டரு யார் பேரையாவது சொன்னாராடே?" என்றான் சொரிமுத்து.

"இல்லியே."

மூவரும் போய்விட்டு வந்தார்கள். "எங்களுக்கு ஆயிட்டு மாமா. ஒமக்கு ஆனதும் வாரும்," என்று பஸ் ஏறிவிட்டார்கள். அவர்கள் தலை மறைந்ததும் வண்டிமலைக்குத் தாராளமாகப் போனது. அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

ஆட்டோ பிடித்து வீடு வந்தால், மூவரும் வாசலை மறித்து நின்றார்கள்.

"நீர் போனத நாங்க பாக்கலியே மாமா."

"சுடலைமாடன் சத்தியமா போனேம்ல! ஒண்ணுக்குப் போயிட்டா வீட்டுக்குப் போகலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு!"

பின்னாலேயே வந்து இறங்கிய சம்பந்தி இதைக் கேட்டுத் திகைத்துப் போனார். "டாக்டரே சொல்லிட்டாரா? அப்பம் நாங்க போவாம எப்படி உள்ள வாரது?"

மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் தாம்பாளங்களை இறக்கிவைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் வரவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறதே என்று அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே நிச்சயதார்த்தத்தை நடத்தி முடித்தார்கள்.