அரையர் பூக்கட்டிப் பார்த்தது

பிறர் கடைந்த நஞ்சைத் தன் கண்டத்தில் ஏற்ற பெருமான் திருவடி முன்னிற்க.

"அம்மையே, எல்லாம் விதிதானே?" என்றார் நம்பியரையர்.

போரில் தோற்று, மருதங்கோட்டையை இழந்து, உடன்பிறந்த தம்பியையும் களத்தில் பறிகொடுத்தவர் அவர்.

சந்நிதிக்கு எதிரே மாலை தொடுத்துக்கொண்டிருந்த மங்கையம்மையார் தலை நிமிரவில்லை. துறவியரும் அவரிடம் உபதேசம் கேட்டு வருவதுண்டு. அவருக்கோ உச்சிக்காலப் பூசைக்குள் மாலை முடிய வேண்டும்.

"நேற்றும் இதையே கேட்டீர்."

"நேற்று நீங்கள் விடை கூறவில்லை."

"முந்தாநாள் கூறினேன். அது உமக்குப் பிடிக்கவில்லை."

அரையர் அருகில் வந்து அமர்ந்தார்.

"கோயில் வாசலில் என் தம்பி மனைவி உமையாள் நிற்கிறாள். தன் கணவன் யாரால் இறந்தான் என்று கேட்கிறாள். விதியால் என்று நீங்கள் ஒரு சொல் சொன்னால் நம்புவாள்."

"நீர் சொன்னால்?"

"நம்ப மாட்டாள்."

"கெட்டிக்காரி."

"தாயே, சோதிடரும் சொன்னார். எனக்கு அப்போது அட்டமத்துச் சனி."

"சனி உமக்கு. இறந்தவர் உம் தம்பி."

அரையரின் முகம் சிவந்தது.

"நானாகப் போருக்குப் போகவில்லை. தம்பி தூது அனுப்பலாம் என்றான். நான் போர் என்றேன். இறைவனே முடிவு செய்யட்டும் என்று இதே சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளை வந்தால் தூது, சிவப்பு வந்தால் போர். சிவப்பு வந்தது. இறைவன் கட்டளைப்படி நடந்தேன். இதில் என் பிழை எங்கே?"

அம்மையார் நாரைக் கீழே வைத்தார்.

"அவனிடம் கேட்டுத்தான் எல்லாம் செய்வீர் என்றால், என்னை ஏன் நான்கு நாளாக நச்சரிக்கிறீர்? இதையும் அவனிடமே கேளும்."

கூடையிலிருந்து ஒரு நந்தியாவட்டையையும் ஒரு செவ்வரளியையும் எடுத்தார். தனித்தனியே வாழையிலைத் துண்டில் பொதிந்து நாரால் கட்டினார். இரண்டையும் கலைத்துச் சந்நிதிப் படியில் வைத்தார்.

"வெள்ளை வந்தால் விதி. சிவப்பு வந்தால் நீர். எடும்."

அரையர் கைகூப்பி வெகுநேரம் நின்றார். கண்களை மூடி ஒரு பொதியை எடுத்தார். பிரித்தார்.

செவ்வரளி.

அவர் கைகள் அந்தப் பூவை மீண்டும் இலையில் வைத்து மடித்தன. நாரைச் சுற்றி முடிச்சிட்டன. பொதிகள் இரண்டையும் படியில் இடம் மாற்றி வைத்தன. வலக்கை மறுபடியும் ஒன்றை எடுக்க நீண்டது.

"அரையரே."

கை நின்றது.

"அன்று எத்தனை முறை கட்டினீர்?"

அரையர் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னிடம் சொல்ல வேண்டாம். எனக்கு வேலை இருக்கிறது" என்று அம்மையார் கூடையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அரையர் எழுந்தார். பிராகாரத்தைக் கடந்து வாசலுக்குச் சென்றார். தூணருகே நின்ற உமையாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா," என்றார், "முதல் இரண்டு முறையும் வெள்ளைதான் வந்தது."

இதனைச் செவியுற்றோர் குடி தழைக்க. அவர்தம் இல்லந்தோறும் அப்பெருமான் துணையிருக்க. உமையாளுக்கும் துணையிருக்க.